கூட்டலும் கழித்தலும்: டிவிடி எழுதும் கருவிகளின் கதை



சில மாதங்களுக்கு முன்னர் ஓர் அம்மையார் என்னிடம் ஒரு தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தோட்டத்தில் பால் வெட்டியவர் அவர். பழைய பிஸ்கட் டின் ஒன்றில், துணியில் சுற்றி, அந்தத் தட்டைப் பத்திரமாக வைத்திருந்தார். தட்டின் முகத்தில் கறுப்பு மையால் அவருடைய மகளின் பெயரும் 2004 என்ற ஆண்டும் எழுதப்பட்டிருந்தன. “மக கல்யாணம் தம்பி. அவரு பேசுறது இதுல மட்டுந்தான் இருக்கு. போட்டா ஓடமாட்டேங்குது” என்றார். ‘அவரு’ என்று அவர் சொன்னது, காலஞ்சென்ற தம் கணவரை.

தட்டைத் திருப்பிப் பார்த்தேன். பெரிய கீறல் எதுவும் இல்லை. நடுத் துளையை ஒட்டிச் சின்னஞ்சிறு எழுத்தில் ‘டிவிடி+ஆர்’ என்று அச்சிடப்பட்டிருந்தது. அந்தச் சிறிய கூட்டல் குறிக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. உலகின் பெரிய பெரிய நிறுவனங்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து நடத்திய போட்டியின் வரலாறு அது. அந்தப் போட்டியில் யார் வென்றார்கள், யார் தோற்றார்கள், அதனால் நம் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் தட்டுகளுக்கு என்ன நேர்ந்தது என்பதனை இன்றைய பேச்சில் காண்போம்.

இத்தகைய போட்டி புதியதன்று. 1975ஆம் ஆண்டில் ஜப்பானின் சோனி நிறுவனம் ‘பெட்டாமேக்ஸ்’ என்னும் வீடியோ நாடாவை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அடுத்த ஆண்டே, ஜேவிசி என்னும் மற்றொரு ஜப்பானிய நிறுவனம் ‘விஎச்எஸ்’ நாடாவைக் கொண்டு வந்தது. ஒன்றின் நாடா மற்றதன் பெட்டியில் நுழையாது. கடைசியில் விஎச்எஸ் நாடாவே வீடுதோறும் பரவிற்று. பெட்டாமேக்ஸ் வாங்கியவர்களின் வீட்டில் பெட்டி இருந்தது. போட்டுப் பார்க்கப் புதுப் படம் இல்லை.

அதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 1982ஆம் ஆண்டில் வந்த சீடி என்னும் இசைத்தட்டு, நெதர்லாந்து நாட்டின் பிலிப்ஸும் ஜப்பானின் சோனியும் கூடிப் பேசி ஒரே அளவில், ஒரே முறையில் செய்தது. எந்த ஊரில் வாங்கிய சீடியும் எந்த ஊரில் வாங்கிய பெட்டியிலும் பாடியது. ஒற்றுமையால் வாங்குவோருக்கு வரும் நன்மை இதுதான்.

இந்த இரண்டு பாடங்களும் கண்ணெதிரே இருந்தும், 1994ஆம் ஆண்டின் இறுதியில் மறுபடியும் இரண்டு அணிகள் எழுந்தன. ஒரு முழுத் திரைப்படத்தை நல்ல தெளிவுடன் ஒரே தட்டில் அடக்க வேண்டும் என்பது இரு அணிகளுக்கும் நோக்கம். நம் நாட்டில் அந்நாளில் பரவத் தொடங்கிய விசிடி தட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு தட்டில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் படம் ஓடும். ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு அல்லது மூன்று தட்டுகள் வேண்டும். சண்டைக் காட்சி சூடு பிடிக்கும்போது எழுந்து போய்த் தட்டை மாற்ற வேண்டும். இந்தக் குறையைப் போக்கப் பிலிப்ஸும் சோனியும் ஒரு வகைத் தட்டை முன்வைத்தன. தோஷிபா, மட்சுசிட்டா, டைம் வார்னர் முதலியவை சேர்ந்த அணி இன்னொரு வகையை முன்வைத்தது.

இம்முறை கணினித் துறையினர் குறுக்கே வந்து நின்றனர். ஐபிஎம், ஆப்பிள், மைக்ரோசாப்ட் முதலிய நிறுவனங்கள், “இரண்டு வகை வேண்டா, ஒன்றாகச் செய்து கொண்டு வாருங்கள்” என்று வற்புறுத்தின. 1995 செப்டம்பரில் இரு அணிகளும் உடன்பாட்டுக்கு வந்தன. இரண்டு மெல்லிய தகடுகளை ஒட்டித் தட்டைச் செய்யும் முறை தோஷிபா அணியினுடையது. செய்தியைக் குறிகளாக மாற்றும் முறை பிலிப்ஸ், சோனி அணியினுடையது. அப்படி இணைத்ததால் தட்டின் கொள்ளளவு 5 ஜிகாபைட்டிலிருந்து 4.7 ஜிகாபைட்டாகச் சற்றுக் குறைந்தது. ஒற்றுமைக்குக் கொடுத்த விலை அது. மோசமான விலையன்று. 1996 நவம்பரில் ஜப்பானிலும் 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் டிவிடி விற்பனைக்கு வந்தது.

இதுவரை சொன்னது, ஆலையில் அச்சிட்டு வரும் தட்டைப் பற்றி. அதனைப் பார்க்கலாம், அதில் நாம் எழுத முடியாது. அடுத்த கேள்வி, வீட்டிலோ கடையிலோ நாமே எழுதிக் கொள்ளும் தட்டு. இங்கேதான் ஆறிய புண் மறுபடியும் கிளறப்பட்டது.

எழுதுவது எப்படி நடக்கிறது என்பதனை முதலில் தெரிந்துகொள்வோம். எழுதும் தட்டுக்குள் ஒரு சாயப் பூச்சு இருக்கிறது. அதனால்தான் தட்டின் அடிப்புறம் ஊதா நிறமாகத் தெரிகிறது. ‘பர்னர்’ என்று கடைக்காரர்கள் சொல்லும் எழுதும் கருவி, சிவப்பு லேசர் ஒளியைக் குவித்து அந்தச் சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சுடுகிறது. சுட்ட இடம் ஒளியைக் குறைவாகத் திருப்பும்; சுடாத இடம் நன்றாகத் திருப்பும். படிக்கும் பெட்டி இந்த வேறுபாட்டைக் கண்டு, அதனைப் படமாகவும் பேச்சாகவும் மாற்றிக் கொடுக்கிறது.

புள்ளிகள் எங்கே விழ வேண்டும்? வெற்றுத் தட்டிலேயே ஒரு கோடு வெட்டப்பட்டிருக்கிறது. ரப்பர் மரத்தில் சுற்றி இறங்கும் வெட்டுக்கோட்டில் பால் வழிந்து போவதுபோல, தட்டின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சுற்றிச் செல்லும் அந்தக் கோட்டில் லேசர் செல்கிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தக் கோட்டைப் பிரித்து நீட்டினால் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் வரும். கையகலத் தட்டுக்குள் 12 கிலோமீட்டர்!

ஒரு முறை சுட்ட சாயத்தைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. ஆகையால் ஒரு முறை மட்டும் எழுதும் தட்டுக்கு ‘ஆர்’ என்ற எழுத்தை வைத்தார்கள். அழித்து அழித்து எழுதும் தட்டுக்கு ‘ஆர்டபிள்யூ’ என்று பெயர். அதில் சாயம் இல்லை. ஓர் உலோகக் கலவை உண்டு. சீனிப்பாகை மெல்ல ஆறவிட்டால் கற்கண்டு கட்டுகிறது. சட்டென்று குளிரவைத்தால் கண்ணாடி போன்ற மிட்டாய் ஆகிறது அல்லவா? அதுபோலவே இந்தக் கலவையையும் சூடாக்கும் விதத்தாலும் ஆறும் வேகத்தாலும் இரண்டு நிலைகளுக்கு மாற்ற முடியும். ஆகவே ஏறத்தாழ ஆயிரம் முறை எழுதி அழிக்கலாம்.

1997ஆம் ஆண்டில் ஜப்பானின் பயோனியர் நிறுவனம் முதல் டிவிடி எழுதும் கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் விலை 17,000 அமெரிக்க டாலர். அந்த ஆண்டின் நாணய மாற்றில் எப்படிக் கணக்குப் போட்டாலும் 40,000 வெள்ளிக்கு மேல். அது படம் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு உரிய கருவி, வீட்டுக்கு உரியதன்று. அது எழுதிய தட்டின் கொள்ளளவும் 3.95 ஜிகாபைட்தான். இந்த வகையே டிவிடி-ஆர். நம் மக்கள் இதனைக் ‘கழித்தல் ஆர்’ என்பார்கள். செய்தவர்களோ, அது கழித்தல் குறியன்று, வெறும் இணைப்புக் கோடுதான் என்றார்கள். தம் பொருளின் பெயரிலேயே கழித்தல் இருப்பதை எந்த வணிகர் விரும்புவார்?

அடுத்த ஆண்டு, 1998இல், மட்சுசிட்டா, ஹிட்டாச்சி, தோஷிபா நிறுவனங்களின் ‘டிவிடி-ராம்’ வந்தது. இதனை ஒரு லட்சம் முறை அழித்து எழுதலாம் என்றார்கள். கணினியில் கோப்புகளைச் சேமிக்க மிகவும் ஏற்றது. ஆனால் தொடக்கத்தில் அது ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வந்தது. வீட்டில் படம் பார்க்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை அதனைப் படிக்கவும் மாட்டா. 1999இன் இறுதியில் பயோனியர் ‘டிவிடி-ஆர்டபிள்யூ’ வகையை ஜப்பானில் வெளியிட்டது. இவை மூன்றும் ‘டிவிடி ஃபோரம்’ என்னும் பொது மன்றத்தின் ஒப்புதலைப் பெற்றவை.

ஆனால் அந்த மன்றத்தில் உறுப்பினராக இருந்துகொண்டே பிலிப்ஸும் சோனியும் 1997ஆம் ஆண்டிலேயே தனி வழியை அறிவித்துவிட்டன. எச்பி, ரிக்கோ, யமஹா, மிட்சுபிஷி கெமிக்கல் ஆகியவையும் அவற்றோடு சேர்ந்தன. அவர்கள் தங்கள் வகைக்குக் கூட்டல் குறியை வைத்தார்கள். ஒரே வகையாக இருக்க வேண்டும் என்று 1995இல் கைகோத்தவர்கள், இரண்டே ஆண்டுகளில் கையை உதறிக் கொண்டார்கள். காரணம் என்ன? தொழில்நுட்பக் கருத்து வேறுபாடு ஒன்று. மற்றொன்று உரிமைத் தொகை. உலகில் விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒவ்வொரு கருவிக்கும் காப்புரிமை வைத்திருப்பவருக்கு ஒரு பங்கு போய்ச் சேர்கிறது. யாருடைய முறை நிலைக்கிறதோ அவருக்கு அந்தப் பங்கு.

இப்பொழுது 2001ஆம் ஆண்டின் இறுதிக்கு வாருங்கள். ஒரு கணினிக் கடையின் அலமாரியை மனக்கண்ணில் நிறுத்திக் கொள்ளுங்கள். அங்கே மூன்று வகைக் கருவிகள் இருக்கின்றன. மூன்றின் பெட்டியிலும் ‘டிவிடி எழுதும்’ என்றே போட்டிருக்கிறது.

முதலாவது, பயோனியரின் ஏ03 என்னும் கருவி. கழித்தல் ஆர் தட்டிலும் கழித்தல் ஆர்டபிள்யூ தட்டிலும் எழுதும். 2001 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் தன் கணினியில் ‘சூப்பர்டிரைவ்’ என்ற பெயரில் பொருத்தியதும் பயோனியரின் இந்த வகைக் கருவிதான். விலை ஆயிரம் டாலருக்குள் வந்திருந்தது. இரண்டாவது, எச்பி நிறுவனத்தின் டிவிடி100ஐ. அது கூட்டல் ஆர்டபிள்யூ தட்டில் மட்டும் எழுதும். மூன்றாவது, மட்சுசிட்டாவின் கருவி. ராம் தட்டிலும் கழித்தல் ஆர் தட்டிலும் எழுதும்.

வேகத்தை ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒரு மடங்கு வேகம் என்றால், முழுத் தட்டை எழுதிமுடிக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம். பயோனியர் கருவி கழித்தல் ஆர் தட்டில் 2 மடங்கு வேகத்தில் அரை மணியில் முடிக்கும். ஆர்டபிள்யூ தட்டில் ஒரு மடங்கு வேகத்தில் ஒரு மணி எடுக்கும். எச்பி கருவியோ ஆர்டபிள்யூ தட்டிலேயே 2.4 மடங்கு வேகத்தில் 24 நிமிடத்தில் முடிக்கும். அழித்து எழுதுவதில் கூட்டல் அணி முந்தியது. ஆனால் ஆர்டபிள்யூ தட்டின் விலை கூடுதல். மலிவான, ஒரு முறை எழுதும் தட்டு அப்போது கழித்தல் அணியிடம்தான் இருந்தது. கூட்டல் ஆர் தட்டு 2002இல்தான் வந்தது. முதலில் வந்த சில கூட்டல் கருவிகளால் அந்தப் புதிய தட்டில் எழுதவே முடியவில்லை. முந்தி வாங்கியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

இனி, இரு வகைகளுக்கும் உள்ளே என்ன வேறுபாடு? தோட்டத்தில் எந்த நிரையில் நிற்கிறோம் என்று தெரிய அடையாளம் வேண்டும் அல்லவா? அதுபோல, தட்டில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று லேசருக்குத் தெரிய அடையாளம் வேண்டும். கழித்தல் தட்டில், கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையிலுள்ள மேட்டில் சிறு குழிகளை இட்டு அடையாளம் வைத்தார்கள். எல்லைக் கல் நட்டதுபோல. கூட்டல் தட்டில் தனிக் கல் இல்லை; கோட்டையே நுணுக்கமாக நெளியவிட்டு, அந்த நெளிவுக்குள்ளேயே இட எண்ணை வைத்தார்கள். எழுதுவது நடுவில் நின்றாலும், விட்ட இடத்தைத் துல்லியமாகப் பிடித்துத் தொடர்வதற்கு இந்த நெளிவு முறை உதவியது. அது கூட்டல் அணியின் வலிமை.

கழித்தல் அணிக்கும் ஒரு வலிமை இருந்தது. முன்னதாகவே விற்றுப்போன பழைய வீட்டுப் பெட்டிகள், கழித்தல் ஆர் தட்டைச் சற்று எளிதாக ஏற்றுக்கொண்டன. கூட்டல் தட்டைப் போட்டால் சில பெட்டிகள் ‘இது என்ன வகை?’ என்று திகைத்துத் துப்பிவிட்டன. அதற்கும் ஒரு வழி கண்டார்கள். தட்டின் தொடக்கத்தில் அதன் வகையைக் குறிக்கும் ஓர் எண் எழுதப்படுகிறது. கூட்டல் தட்டில் எழுதும்போது அந்த எண்ணை மாற்றி, ‘நான் ஆலையில் அச்சிட்ட தட்டு’ என்று சொல்லும்படி சில கருவிகள் செய்தன. பெட்டி நம்பிவிடும், படம் ஓடும்.

கொள்ளளவு? இரண்டும் 4.7 ஜிகாபைட். படத்தின் தெளிவு? எள்ளளவும் வேறுபாடில்லை. ஏனெனில், எழுதுவது ஒரே செய்தியைத்தான். அம்மையாரின் மகள் கல்யாணம் கழித்தல் தட்டில் இருந்தாலும் கூட்டல் தட்டில் இருந்தாலும் அதே மேளம், அதே தாலி, அதே முகங்கள்தான். ஆனால் கடையில் தவறான தட்டை வாங்கி வந்துவிட்டால் கருவி அதனைத் தொடவும் தொடாது. இதைச் சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஐம்பது தட்டுகள் கொண்ட ஒரு கட்டினை, குறியைப் பாராமல் வாங்கி வந்து, திருப்பிக் கொடுக்கவும் முடியாமல், நண்பர்களுக்குப் பங்கிட்டவன் நான்.

இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியது எது? எந்த அணியும் மற்ற அணியை வீழ்த்தவில்லை. 2002ஆம் ஆண்டின் பிற்பகுதியில், கூட்டல் அணியைச் சேர்ந்த சோனியே, இரண்டு வகைத் தட்டிலும் எழுதும் ஒரு கருவியை வெளியிட்டது. டிஆர்யூ-500ஏ என்பது அதன் பெயர். கழித்தல் ஆர் தட்டில் 4 மடங்கு வேகத்திலும் கூட்டல் தட்டில் 2.4 மடங்கு வேகத்திலும் அது எழுதிற்று. வாங்குகிறவர் குறியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்றானது. 2003இல் கொரியாவின் எல்ஜி நிறுவனம், ராம் தட்டிலும் சேர்த்து எழுதும் கருவியைக் கொண்டு வந்தது. பிறகு எல்லாரும் அதே வழியில் சென்றார்கள். சண்டை நீதிமன்றத்தில் தீரவில்லை. மன்றக் கூட்டத்திலும் தீரவில்லை. இரண்டையும் ஏற்கும் கருவி வந்ததும், சண்டைக்குப் பொருளே இல்லாமல் போய்விட்டது.

அதன் பிறகு போட்டி வேகத்துக்குத் தாவிற்று. 4 மடங்கு, 8 மடங்கு, 2004இல் 16 மடங்கு என்று பெட்டிகளின் மேல் எண்கள் ஏறின. இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். 8 மடங்குக் கருவி ஒரு தட்டை எழுத ஏறத்தாழ 8, 9 நிமிடம் எடுத்தது. அப்படியானால் 16 மடங்குக் கருவி பாதி நேரத்தில் முடிக்க வேண்டும் அல்லவா? முடிக்கவில்லை. ஏறத்தாழ 6 நிமிடம் ஆயிற்று. காரணம், சுழலும் தட்டில் விளிம்பு வேகமாக ஓடும். நடுப்பகுதி மெல்ல ஓடும். 16 மடங்கு என்பது விளிம்பை எட்டும்போது மட்டும் கிடைக்கும் வேகம். பெட்டியின் மேல் அச்சிட்ட எண் பொய்யன்று; ஆனால் முழு உண்மையும் அன்று. இன்று கைப்பேசி வாங்கினாலும் மோட்டார் சைக்கிள் வாங்கினாலும் இந்தப் பாடம் நமக்குப் பொருந்தும்.

அதே 2004இல் இரண்டு அடுக்கில் எழுதும் கூட்டல் தட்டு வந்தது. அதன் கொள்ளளவு 8.5 ஜிகாபைட். அடுத்த ஆண்டு கழித்தல் அணியும் அதனைச் செய்தது. விலையோ சரிந்துகொண்டே வந்தது. 2001இல் ஆயிரம் டாலருக்குச் சற்றுக் குறைவாக இருந்த கருவி, 2005 வாக்கில் நூறு டாலருக்குள் வந்துவிட்டது. அக்காலத்தில் ஒரு டாலருக்கு 3.80 வெள்ளி என்று நம் நாட்டில் நிலையாக வைத்திருந்தார்கள். ஆகவே ஏறத்தாழ 3,800 வெள்ளியாக இருந்தது 380 வெள்ளிக்குள் இறங்கிற்று என்று கொள்ளலாம். தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி என்று முதன்முதலாகச் சட்டப்படி வந்தது 2013ஆம் ஆண்டில்தான். அந்தச் சம்பளத்தை வைத்துப் பார்த்தாலும், 2001இல் அந்தக் கருவியின் விலை நான்கு மாத உழைப்பு. அதனால்தான் நம் குடும்பங்கள் கருவி வாங்கவில்லை. கல்யாணத்துக்குப் படம் எடுத்த கடைக்காரர் எழுதிக் கொடுத்த தட்டையே நம்பினோம். அது எந்த வகை, எந்த வேகத்தில் எழுதியது, எவ்வளவு காலம் இருக்கும் என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நேயர்களே, இத்தனை ஒப்பீடுகளிலும் விடுபட்டுப்போன கேள்வி இதுதான். வேகத்தை எழுதினார்கள், கொள்ளளவை எழுதினார்கள். இருபது ஆண்டுகள் கழித்து வேறொருவர் வீட்டுப் பெட்டி இந்தத் தட்டைப் படிக்குமா என்பதனை மட்டும் எந்தப் பெட்டியின் மேலும் அச்சிடவில்லை. ஆனால் ஒரு தாய்க்கு வேண்டியது அந்த ஒன்றுதான்.

தட்டிலுள்ள சாயம் என்றென்றும் நிலைப்பதன்று. வெயிலும் வெப்பமும் ஈரமும் அதனை மெல்ல மெல்ல மாற்றுகின்றன. நம் நாட்டுத் தட்பவெப்பத்தில் இந்த மூன்றுக்கும் குறைவில்லை. தட்டு ஒரு பக்கம் கெட்டுக்கொண்டே வர, மறுபக்கம் அதனைப் படிக்கும் பெட்டிகளும் மறைந்து வருகின்றன. புதிதாக விற்கும் கணினிகளில் பெரும்பாலானவற்றில் தட்டுப் போடும் இடமே இல்லை. தரமான வெற்றுத் தட்டுகளுக்குப் பெயர்பெற்ற ஜப்பானின் தாயோ யூடன் நிறுவனம் 2015ஆம் ஆண்டின் இறுதியோடு அத்தொழிலை விட்டது. டிவிடிக்கு அடுத்து வந்த புளூ-ரே வகையில் எழுதும் தட்டுகளைச் செய்வதைச் சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. அந்தப் புளூ-ரே வகையும் ‘எச்டி டிவிடி’ என்னும் வகையோடு பழையபடி ஒரு சண்டை போட்டு, 2008 பிப்ரவரியில் தோஷிபா விலகிக் கொண்ட பின் வென்ற வகைதான். வென்றவருடைய காலமும் அவ்வளவுதான் நீடித்தது.

ஆகவே இன்று நாம் செய்ய வேண்டியது என்ன? வீட்டிலுள்ள தட்டுகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய சினிமாப் படங்களை விடுங்கள். அவை வேறிடத்தில் கிடைக்கும். கல்யாணம், காதுகுத்து, தோட்டத்துக் கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா என்று, வேறெங்கும் கிடைக்காதவற்றைத் தனியே பிரியுங்கள். பல தோட்டங்கள் இன்று இல்லை. கோயிலும் பள்ளியும் லயமும் இருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்துவிட்டன. அந்த மண்ணை மறுபடியும் காண்பதற்கு அந்தத் தட்டு ஒன்றுதான் வழியாக இருக்கலாம்.

தட்டை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். மேலே காகிதம் ஒட்டாதீர்கள். வெயில் படும் ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள். ஓடவில்லை என்றால், கெட்டுவிட்டது என்று உடனே எறிந்துவிடாதீர்கள். ஒரு பெட்டி படிக்காத தட்டை இன்னொரு பெட்டி படிப்பதுண்டு. சில தட்டுகள் எழுதி முடித்த பின் முறைப்படி மூடப்படாமல் விடப்பட்டவை. வீட்டுப் பெட்டியில் ஓடாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம். அத்தகைய தட்டை, அதனை எழுதிய கருவியோ, தக்க கணினியோ படித்துவிடக்கூடும். வீட்டிலுள்ள பிள்ளைகளிடம் சொல்லி, படித்ததை உடனே கணினியிலோ சேமிப்புப் பெட்டியிலோ ஏற்றச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் வைத்திராமல், இரண்டு இடங்களில், இரண்டு வீடுகளில் வைத்திருங்கள். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை எடுத்து ஓட்டிப் பாருங்கள். விதை நெல்லைக் காப்பவர், கொட்டிவைத்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை அல்லவா?

அந்த அம்மையாரின் தட்டு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். என்னிடமிருந்த முதல் கருவி அதனைத் துப்பிவிட்டது. நண்பர் ஒருவரின் புதிய கருவி நெடுநேரம் சுழற்றிவிட்டுக் கைவிட்டது. மூன்றாவதாக, ஒரு பழைய கணினியிலிருந்து கழற்றி வைத்திருந்த கருவியில் போட்டோம். கூட்டல், கழித்தல் இரண்டையும் ஏற்கும் வகை அது. முக்கி முனகி, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் படித்துக் கொடுத்தது. கடைசிச் சில நிமிடங்கள் மட்டும் சிதைந்திருந்தன. நடுவில், பந்தலில் நின்று, வந்தவர்களை வரவேற்று ஒரு மனிதர் நாலு வார்த்தை பேசுகிறார். “எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்” என்கிறார். அவ்வளவுதான் பேச்சு. அம்மையார் அந்த இடத்தை மறுபடியும் போடச் சொன்னார். மூன்று முறை போட்டோம்.

இப்போது அந்தப் பதிவு அவர் வீட்டில் ஒன்றும் மகள் வீட்டில் ஒன்றுமாக இருக்கிறது. உங்கள் வீட்டுப் பிஸ்கட் டின்னிலும் அப்படி ஒரு தட்டு இருக்கக்கூடும். இந்த வார விடுமுறையிலேயே அதனை எடுத்துப் பாருங்கள்.